தட்டாமல் விட்ட வீல்

கம்பெனிக்கு வெளியே யாராவது என்ன வேலை என்று கேட்டால், கல்லுக்கு மூடி போடுகிற வேலை என்று சொல்வேன். பாதிப் பேருக்குப் புரியாது. மீதிப் பேர் நான் கிரானைட் குவாரியில் இருப்பதாக முடிவுகட்டிவிடுவார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கல் என்றால் வேறு எதுதான் நினைவுக்கு வரும்? உட்கார்ந்து விளக்குகிற பொறுமை எனக்குக் கிடையாது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டு டீயைக் குடிப்பேன்.

இங்கே கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். ஓசூர் தொழிற்பேட்டையில், கர்நாடக எல்லைக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஒரு கம்பெனியில் நான் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். வார்ப்பிலிருந்து வருகிற இரும்புச் சாமான்களின் ஓரத்தில் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தேய்த்து எடுக்க எங்கள் ஷாப்பில் நான்கு கிரைண்டிங் மெஷின்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தாம்பாளம் அகலத்துக்கு, மூன்று விரல் கனத்தில் ஒரு கல் வீல் சுற்றும். சுற்றும்போது அதில் விரிசல் இருந்தால் துண்டு துண்டாகத் தெறித்துவிடும். அதனால் வீலைச் சுற்றி கனமான இரும்புக் கூடு ஒன்று போட்டிருப்போம். கார்டு என்போம். சாமானை வைத்துத் தேய்க்க முன்பக்கம் மட்டும் கொஞ்சம் திறந்திருக்கும். அந்தத் திறப்பின் கீழே சாமானைத் தாங்குவதற்கு ஒரு ரெஸ்ட், மேலே பொறியைத் தடுக்க நாக்கு மாதிரி ஒரு தகடு, அதற்கு முன்னால் முகத்துக்கு நேராக ஒரு கண்ணாடி. இவையெல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் என் வேலையில் பாதி.

அதில் தினமும் பார்க்க என்ன இருக்கிறது என்று புதிதாக வருகிற ஆபீசர்கள் கேட்பார்கள். வீல் தேயும் சார். தேயத் தேய ரெஸ்ட்டுக்கும் வீலுக்கும் நடுவே சந்து விழும். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போனால் சாமான் உள்ளே இழுத்துக்கொள்ளும், கூடவே கையும் போகும். கண்ணாடியில் பொறி பட்டுப் பட்டு மங்கிப்போகும், மங்கிய கண்ணாடியை எவனும் இறக்கிவிட்டு வேலை செய்ய மாட்டான். போல்ட்டுகள் அதிர்விலேயே கழன்றுகொள்ளும். இத்தனையையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். பார்த்த பிறகு ஷீட்டில் டிக் போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.

வழக்கமாக இந்த வேலையில் நான் ஆட்களைத் துரத்துவேன், ஆட்கள் என்னைக் கண்டால் டீ குடிக்கப் போய்விடுவார்கள். எனக்கு மூக்கு மேல் கோபம் வேறு. கார்டைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்கிறவனைப் பார்த்தால் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பேன். நாலாம் நம்பர் மெஷினில் மட்டும் எல்லாம் தலைகீழ். அங்கே என்னைத் துரத்துவதற்கு ஒருவர் இருந்தார்.

அவரை ஷாப் முழுக்க அக்கா என்று கூப்பிடும். உண்மையில் என்னைவிட இரண்டு வயது சின்னவர். அத்தனை பேர் அக்கா என்கிற இடத்தில் நான் மட்டும் தனியாக என்னவென்று கூப்பிடுவது? நானும் அக்கா என்றேன். அவர் என்னை பாய் என்பார். எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், காவேரிப்பட்டணத்திலிருந்து வந்து இருபது வருடமாக இங்கே எனக்கு வேறு பெயர் இல்லை. அக்காவுக்கு வீடு உத்தனப்பள்ளிப் பக்கம். வீட்டுக்காரர் சாமந்தி போட்டிருந்தார். வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், ஷாப்பில் தமிழ், கோபம் வந்தால் மூன்றும் கலந்து வரும்.

காலை ஏழு மணிக்கு முதல் ஷிஃப்ட். நான் டூல் பெட்டியைத் திறப்பதற்குள் குரல் வந்துவிடும்.

"பாய், நாலாம் நம்பர் கேப் பாருங்க."

"நேத்து சாயந்தரம்தான வெச்சன்?"

"அதுக்கப்பறம் ராத்திரி ஷிஃப்ட்டு ஆளு எத்தன பீசு தேய்ச்சாரோ. கல்லு அப்பிடியேவா கெடக்கும்?"

கேப் என்றால் அந்தச் சந்துதான். போய்ப் பார்த்தால் மூன்று மில்லியில் ஒரு மயிரிழை கூடியிருக்கும். சில நாள் அதுவும் இருக்காது. நான் அளவுத் தகட்டைச் சந்துக்குள் விட்டுக் காட்டுவேன். அவர் குனிந்து பார்த்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து இன்னொரு முறை பார்த்து, "செரி, இருக்கட்டும்" என்பார், ஏதோ எனக்கு மன்னிப்புக் கொடுக்கிற மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் இம்சை தாங்காமல் சரியாக மூன்று மில்லி கனத்தில் ஒரு எஃகுத் துண்டை அறுத்து, ஓரங்களை மழமழவென்று தேய்த்து, மூலையில் ஒரு ஓட்டை போட்டு அவர் கையில் கொடுத்தேன். "இனிமே நீங்களே பாத்துக்கங்க, என் உசுர எடுக்காதீங்க" என்றேன். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு லாக்கர் சாவியோடு சேர்த்துக் கோத்துக்கொண்டார். மறுநாள் காலையில் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டே என்னிடம் வந்து, "பாய், உங்க துண்டு சுளுவா உள்ள போவுது. வந்து டைட் பண்ணுங்க" என்றார். நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட கதைதான்.

அக்கா தலையை ஏன் ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்க்கிறார் என்பது எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. எங்கள் கம்பெனிக்கு வருவதற்கு முன்னால் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் வேலை செய்திருக்கிறார். அங்கே மெஷினுக்குக் கண்ணாடியும் கிடையாது, நாக்கும் கிடையாது. கல் துணுக்கு ஒன்று இடது கண்ணில் ஏறிவிட்டது. அந்தக் கண்ணுக்கு இப்போது எல்லாமே குளித்து முடித்த பாத்ரூம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரிதான் தெரியும். இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை, குரல்கூட மாறவில்லை. இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு வலது கண்ணால் என்னைப் பார்த்து, "இது ஒண்ணுதான் பாய் என்கிட்ட ஸ்டாக்கு" என்று சிரித்தார். தினமும் மெஷினைப் போடுவதற்கு முன்னால் அப்படி ஒரு தடவை பொத்திப் பார்த்துக்கொள்வார். அதற்கப்புறம் அவர் கூப்பிட்டால் திட்டிக்கொண்டே போவேன், ஆனால் உடனே போவேன்.

அவர் மேல் எனக்குப் பிரியம் இருந்தது என்று இப்போது தயங்காமல் சொல்ல முடிகிறது. அப்போது கேட்டிருந்தால் தொல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். எங்கள் ஷாப்பே அப்படி ஒரு இடம். நோன்பு மாதத்தில் என் எதிரில் தண்ணீர் குடிக்கக்கூடத் தயங்கி, திரும்பி நின்று குடிக்கிற ஆட்கள். வேண்டாமப்பா, தாராளமாகக் குடியுங்கள் என்றால் கேட்க மாட்டார்கள். பள்ளிவாசல் கஞ்சி ஒரு தூக்கில் கொண்டுவந்தால் அக்கா ஒரு டம்ளர் குடித்துவிட்டு, உப்புக் கம்மி என்று வருடா வருடம் ஒரே குறையைச் சொல்வார். ஆயுத பூஜைக்கு நான்தான் எல்லாருக்கும் முன்னால் துணியும் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொண்டு உட்காருவேன். வீட்டில் என் பிள்ளைகள் பொரிக் கடலைப் பைக்காகக் காத்திருப்பார்கள்.

நான் சொல்ல வந்தது போன வருடத்துக்கு முந்தின வருடத்து ஆயுத பூஜையைப் பற்றி.

எங்கள் ஷாப்பில் விடுமுறைக்கு முன்தினம் சாயங்காலம் பூஜை போடுவார்கள். மெஷின்களையெல்லாம் பிரித்துத் துடைத்து, வீல்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, திரும்ப மாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, தீபாராதனை காட்டுவார்கள். முடிந்ததும் நல்ல நேரத்துக்குள் ஒவ்வொரு மெஷினையும் அதை ஓட்டுகிறவர் ஒரு தடவை ஓட்டி நிறுத்த வேண்டும். சாமான் தேய்க்கக் கூடாது, சும்மா சுற்றவிட்டால் போதும். அந்த ஒரு சுற்று வருடம் முழுக்கக் காப்பாற்றும் என்று ஒரு நம்பிக்கை. மற்ற வருடங்களில் கார்டுகளை மாட்டிய பிறகுதான் பூஜை நடக்கும். அந்த வருடம் எல்லாக் கார்டுகளுக்கும் மஞ்சள் பெயின்ட் அடிக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு. காலையில் அடித்த பெயின்ட் மழை ஈரத்தில் மூன்று மணி வரை காயவில்லை. சூப்பர்வைசர், பெங்களூர்க்காரர், நல்ல மனிதர், ஒரு யோசனை சொன்னார். கார்டுகளைச் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்துவிடலாம், அவற்றுக்கும் சேர்த்துப் பூஜை ஆகட்டும், லீவு முடிந்து வந்து மாட்டிக்கொள்ளலாம். எல்லாரும் சரி என்றார்கள். வரிசையாக நான்கு மஞ்சள் கூடுகள், ஒவ்வொன்றுக்கும் அக்கா தோட்டத்துச் சாமந்தி மாலை. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

வீலைக் கழற்றினால் திரும்ப மாட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. துளையில் கம்பியைக் கொடுத்துத் தொங்கவிட்டு, மரச்சுத்தியால் நாலைந்து இடத்தில் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல வீல் ணங் என்று மணி மாதிரி பேசும். உள்ளே விரிசல் இருந்தால் டொப்பென்று செத்த சத்தம் வரும். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காது பிடித்துவிடும். முதல் மூன்று வீல்களையும் தட்டினேன், மூன்றும் நன்றாகப் பேசின. நாலாவதைத் தொங்கவிடுவதற்கு முன்னால் வாஷர் எடுக்க ஸ்டோருக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் அதற்குள் யாரோ ஆர்வக் கோளாறில் அந்த வீலைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, மூன்று பட்டை சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, துளையில் ஒரு சாமந்தியையும் செருகியிருந்தார்கள்.

மரச்சுத்தியை ஓங்கினேன். அப்புறம் இறக்கினேன்.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. இவர்கள் கும்பிட்டுப் பொட்டு வைத்ததை நான் கட்டையால் அடிப்பதா? யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். யாரும் பார்க்கக்கூட இல்லை. ஆனால் என் எதிரில் தண்ணீர் குடிக்கத் திரும்பி நிற்கிறவர்கள் இவர்கள். அந்த மரியாதைக்குப் பதில் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். ஈரச் சந்தனம் பூசிய வீல் எப்படியும் சரியாகப் பேசாது என்று ஒரு சமாதானம். நேற்று வரை ஓடின வீல்தானே என்று இன்னொரு சமாதானம். பூவை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, சந்தனத்தைத் துணியால் லேசாகத் துடைத்து, வீலை மெஷினில் மாட்டினேன். ஷீட்டில் ஓசை என்று ஒரு கட்டம் உண்டு. நான்குக்கும் டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

தீபாராதனை முடியும்போது ஐந்தேகால் இருக்கும். நல்ல நேரம் ஐந்தரையோடு முடிகிறது. ஒன்றாம் நம்பர் ஓடி நின்றது. இரண்டு, மூன்று. மூன்றும் கார்டு இல்லாமல் அம்மணமாகச் சுற்றின. வருடம் முழுக்கக் கார்டுக்காகச் சண்டை போடுகிற நான் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்களுடைய நல்ல நேரம், நான் நடுவில் போய் நின்று கெடுக்க வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். நாலாம் நம்பருக்கு வந்தது. அக்கா சுவிட்சுக்குப் பக்கத்தில் போனார், வீலைப் பார்த்தார், கையை எடுத்துவிட்டார்.

"பாய், என் கார்டு எங்க?"

"சாமிகிட்ட இருக்குது அக்கா. பெயின்ட் இன்னும் காயல."

"காயாட்டி என் கை மஞ்சளாவட்டும். எடுத்தாங்க, மாட்டலாம்."

சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். "ஒரு நிமிஷம்தானம்மா. ஆன் பண்ணு, ஆஃப் பண்ணு, அவ்ளோதான். டைம் போகுது."

"சும்னிரி சார்" என்றார் அக்கா. கன்னடத்தில் சும்மா இருங்கள் என்று அர்த்தம். சூப்பர்வைசரிடம் அந்த ஷாப்பில் வேறு யாரும் அப்படிப் பேசிவிட முடியாது. "ஓடறது ஒரு நிமிஷமா ஒரு நாளான்னு கல்லுக்குத் தெரியுமா?"

நேராகச் சாமி படத்துக்கு முன்னால் போனார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். கார்டில் இருந்த மாலையைக் கழற்றிப் பக்கத்துக் கார்டின் மேல் வைத்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். அது ஒரு ஆள் தூக்குகிற கனமில்லை. எனக்கு எரிச்சலான எரிச்சல். இத்தனை பேர் முன்னால் என் மானத்தை வாங்குகிறாரே, கார்டு மாட்டு என்று நான் சொல்ல வேண்டியதை இவர் சொல்கிறாரே என்று. இருந்தாலும் ஒரு பக்கம் பிடித்தேன். இரண்டு பேர் கையும் மஞ்சளானது. போல்ட்டுகளை முறுக்கினேன். ரெஸ்ட்டை வைத்தேன். அவர் சாவிக்கொத்தை எடுத்து நான் கொடுத்த துண்டைச் சந்தில் விட்டுப் பார்த்தார். கண்ணாடியை இறக்கினார். ஐந்தரை தாண்டி நான்கு நிமிடம் ஆகிவிட்டது. பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

"எதுருல நிக்காதீங்க, எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க" என்று கை கூப்பி நின்றவர்களை விரட்டினார். கழற்றி மாட்டிய வீல் என்றால் முதல் ஒரு நிமிடம் எதிரில் நிற்கக் கூடாது என்பது விதி. அந்த விதியை எழுதி ஒட்டியது நான்தான். இடது கண்ணைப் பொத்திப் பார்த்துக்கொண்டு, பக்கவாட்டில் நின்று சுவிட்சைப் போட்டார்.

இருபது எண்ணியிருப்பேன். லாரி டயர் வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஷாப் முழுக்கத் தூசி. நான் எப்படிச் சிவப்பு பட்டனை அடித்தேன் என்று தெரியாது. மோட்டார் முனகி அடங்கியது. தூசி இறங்கியதும் பார்த்தோம். கார்டின் முதுகு வெளியே புடைத்துக்கொண்டிருந்தது. வீல் உள்ளே நான்காக உடைந்து கிடந்தது. சின்னத் துண்டு ஒன்று மட்டும் முன்திறப்பு வழியாகக் கிளம்பி, கண்ணாடியில் மோதி அதை நொறுக்கிவிட்டு, எதிரில் இருந்த பொரிக் கூடையில் போய் விழுந்திருந்தது. அந்தக் கண்ணாடி அக்கா வழக்கமாக நிற்கிற இடத்தில், அவர் முகம் இருக்கிற உயரத்தில் இருக்கும்.

சாமி காப்பாத்துச்சு என்று முதலில் யார் சொன்னார்களோ, எல்லாரும் அதையே சொல்ல ஆரம்பித்தார்கள். சூப்பர்வைசர் படத்துக்கு முன்னால் மறுபடியும் சூடம் ஏற்றினார். அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். மஞ்சள் பெயின்ட் ஒட்டிய கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, வலது கண்ணால் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். என் முகத்துக்கு வந்ததும் நான் குனிந்துகொண்டேன்.

அன்று ராயக்கோட்டை ரோட்டு பஸ் வருகிற வரைக்கும் அவரோடு ஸ்டாப்பில் நின்றேன். சொல்லாமல் போயிருக்கலாம். விரிசல் எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது, ஷீட்டில் டிக் இருக்கிறது, சாமி காப்பாற்றிவிட்டது. ஆனால் அந்த மஞ்சள் பெயின்ட் அவர் நெற்றியிலும் புருவத்திலும் ஒட்டியிருந்ததைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

"அக்கா, நாலாம் வீல நான் தட்டல."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"சந்தனம் வெச்சிருந்தாங்க. உங்க சாமிக்குப் பொட்டு வெச்சத நான் எப்பிடிக் கட்டையால அடிக்கறதுன்னு விட்டுட்டன்."

கோபம் வந்தால் மூன்று பாஷையிலும் பேசுகிறவர், அன்று ஒரே பாஷையில், மெதுவாகப் பேசினார்.

"எங்க சாமிக்கு மரியாத குடுக்க நாங்க இத்தன பேர் இருக்கறம் பாய். என் கண்ணுக்கு நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்கன்னு நெனச்சிருந்தன்."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். என் வாழ்க்கையில் என்னை அடித்தவர்கள் உண்டு, கெட்ட வார்த்தையில் திட்டியவர்கள் உண்டு. அந்த ஒரு வாக்கியம் கொடுத்த வலியை யாரும் கொடுத்ததில்லை. மஞ்சள் கையோடு அந்த ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் வேர்க்கடலை விற்றவர் என்ன ஆச்சு என்று கேட்டதற்குத் தூசி என்றேன்.

லீவு முடிந்து வந்த அன்றே சூப்பர்வைசரிடம் போய் அந்த டிக் பொய் என்று சொல்லிவிட்டேன். மெமோ கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். அது பரவிய பிறகு ஒரு காண்ட்ராக்ட் ஆள் தானாக வந்து, கழுவும்போது அந்த வீல் கை தவறி சிமென்ட் தரையில் விழுந்ததாகவும், கீறல்கூட இல்லாததால் யாரிடமும் சொல்லவில்லை என்றும் சொன்னார். அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? ஒரு தட்டு தட்டியிருந்தால் அந்த வீல் என்னிடம் சொல்லியிருக்கும்.

அக்கா என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். காலை ஏழு மணிக்கு டூல் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பேன், குரல் வராது. தன் துண்டை வைத்துத் தானே பார்த்துக்கொள்வார். சந்து கூடியிருந்தால் இன்னொரு ஃபிட்டரைக் கூப்பிடுவார். எதிரில் வந்தால் வணக்கம் உண்டு, சிரிப்பும் உண்டு, ஆனால் பாய் என்கிற சத்தம் இல்லை. அவ்வளவு நாள் தொல்லை தொல்லை என்று புலம்பிய எனக்கு ஷாப்பே காலியான மாதிரி இருந்தது. நாலாம் நம்பருக்குப் புதுக் கார்டு, புது வீல், புதுக் கண்ணாடி எல்லாம் மாட்டினேன். அவர் டீ குடிக்கப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து மாட்டினேன். புடைத்துப்போன பழைய கார்டை ஸ்கிராப்புக்கு அனுப்ப மனம் வராமல் என் பெஞ்சுக்கு அடியில் போட்டு வைத்தேன்.

ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே போனது. ஒரு திங்கட்கிழமை, நான் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தேன்.

"பாய், கேப் பாருங்க."

கிட்டத்தட்ட ஓடினேன். துண்டை விட்டுப் பார்த்தால் சந்து இம்மி பிசகாமல் மூன்று மில்லி. சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லத் தெம்பில்லாமல் ஸ்பேனரை எடுத்து, போல்ட்டைத் தளர்த்தி, அதே இடத்தில் திரும்ப முறுக்கினேன். அவர் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "செரி, இருக்கட்டும்" என்றார்.

போன வருட ஆயுத பூஜை. பெயின்ட் எதுவும் அடிக்கவில்லை. கார்டுகள் மெஷினில் ஏறிய பிறகுதான் பூஜை என்று சூப்பர்வைசரே நோட்டீஸ் ஒட்டியிருந்தார். மதியத்திலிருந்து சந்தனக் கிண்ணத்தை அக்கா தன் கையை விட்டுக் கொடுக்கவில்லை. யார் கேட்டாலும், "பாய் தட்டி முடிக்கட்டும்" என்று ஒரே பதில். மூன்று வீல்கள் முடிந்தன. நாலாம் நம்பர் வீலைக் கம்பியில் தொங்கவிட்டுவிட்டு மரச்சுத்தியைத் தேடினால் பெஞ்சில் காணோம்.

திரும்பினேன். அக்கா கையில் இருந்தது. அதன் தலையில் மூன்று பட்டை சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, கைப்பிடியில் ஒரு சாமந்தியை நூலால் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். ஷாப்பில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாங்கிக்கொண்டேன். குங்குமத்தைப் பார்த்ததும் பழைய தயக்கம் ஒரு நொடி என் கையைப் பிடித்தது. அதை அவர் பார்த்துவிட்டார்.

"என்ன பாக்கறீங்க?" என்றார். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, வலது கண்ணை எனக்கு நேராகத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். "இதுக்காகத் தட்டுங்க."

பூ உதிர உதிரத் தட்டினேன்.